வினையெச்சம்

ஞாயிற்றுக்கிழமைகளில் லுபோமிர் மரலாரி ஓட்டுவதில்லை.
கார்பேத்திய மலையடியில், ஓடை அறுத்த கரையில்
குந்தி உட்கார்ந்து களிப்பாறையைப் பிளப்பார்,
ஈரத்தில் ஒட்டிக்கொண்ட நோட்டுத் தாள்களைப்
பிரிப்பதுபோல், உளி நுழைத்து, மூச்சடக்கி.

மீன். மீன். மீன் செதில். மீன்.
பிறகு மார்ச் மாதம், கை விறைத்த ஒரு காலையில்
மீன்களுக்கு நடுவே
ஒரு கால்.

கடலாய் இருந்த இடம் அது.
மூன்று கோடி ஆண்டுக்கு முன் எந்தக் காற்று
கரையிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு வந்ததோ.
தலை இல்லை, அலகு இல்லை.
ஒரு சிறகு, ஒரு கால்,
வாலிருந்த இடத்தில் நான்கு இறகின் கறை.

கிராக்கோவில் டனூட்டா உருப்பெருக்கியைத் திருகி
முதலில் பார்த்தது பின்விரலை.
நீளமாய், தடித்து,
கிளையைச் சுற்றி வந்து முன்விரல்களைச் சந்திக்கிற விரல்.
"பாடும் பறவைக் கூட்டம்தான்" என்றாள்.
லுபோமிர் தொப்பியைக் கழற்றினார்.
"பாடியது என்று எப்படித் தெரியும்?"
"தெரியாது. காலை வைத்துச் சொல்கிறோம்.
குரல்வளை வெறும் குருத்தெலும்பு,
சேறு அதை வைத்துக்கொள்வதில்லை."

அவளுடைய இழுப்பறைகளில் இன்றைய பறவைகள்:
கண்ணாடிச் சன்னலில் மோதியவை,
பூனை கொண்டுவந்து வாசலில் போட்டவை,
வண்டுகள் தின்று துப்புரவாக்கிய எலும்புகள்.
பட்டாணிக்குருவியின் காலெலும்பு மூன்று அரிசி நீளம்.
ஈப்பிடிப்பானோடு வைத்துப் பார்த்தாள்,
சிறகு ஒத்தது, கால் மறுத்தது.
பூங்குருவியில் கால் சரி,
தோளெலும்பில் ஒரு மேடு வேறாயிருந்தது.
ஊசிமுனைப் பள்ளம் ஒன்றுக்காக ஏப்ரல் முழுதும் போயிற்று.

அழைக்காமல் வந்து பந்தியில் உட்கார்ந்தவரை
பெண்வீடா பிள்ளைவீடா என்று
இரண்டு பக்கமும் விசாரிப்பார்களே, அப்படி.
பங்காளியா, சம்பந்தியா,
பிள்ளையில்லாமல் போன ஒன்றுவிட்ட பெரியப்பனா.

லுபோமிர் தொலைபேசியில் கேட்டார்:
"சும்மா சொல்லுங்கள். கருஞ்சிட்டா, பூங்குருவியா?"
"இரண்டுமே அப்போது பிறக்கவில்லை."
"அவற்றுக்குப் பாட்டனா?"
"பாட்டன் என்று கையெழுத்துப் போடமாட்டேன்."
சிறிது நேரம் லாரியின் வைப்பர் சத்தம் மட்டும் கேட்டது.

பிளந்த கல்லுக்கு மறுபாதி உண்டல்லவா,
அந்தப் பள்ளத்தின் அச்சு அதில் இருக்கும்.
மே மாதம் துண்டில் சுற்றி எடுத்து வந்தார்.
முகம் சரியாயில்லை.
அவருடைய ஹலினா, விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காக,
வினிகர் ஊற்றிப் பல்துலக்கும் பிரஷால்
பளபளவென்று தேய்த்து வைத்திருந்தாள்.
"அழுக்கு என்று நினைத்துவிட்டாள்."
டனூட்டா சாய்த்து, நிமிர்த்தி, விளக்கை நகர்த்திப் பார்த்தாள்.
பிறகு தேநீர் போட எழுந்து போனாள்.

அவள் வரைந்த மரத்தில்
உயிருள்ள கிளைகள் தாளின் விளிம்புவரை ஓடுகின்றன.
இது பாதியில் நிற்கிறது,
பக்கத்தில் அற்றுப்போனதற்கான சின்னக் குத்துவாள் குறி.
குடும்பம் என்ற கட்டத்தில்: இடம் உறுதியில்லை.

நம் மொழியில் ஒரே சொல் போதும்.
கல்லில் மிஞ்சியது எச்சம்.
அவள் சன்னல் விளிம்பில் வெள்ளையாய் வழிந்திருப்பதும்
எச்சம்.
முடியாத வினைக்கும் அதே பேர்,
முற்றுக்காக நின்றுகொண்டிருக்கும் சொற்கள்.
டனூட்டாவுக்கு இது தெரியாது.
பட்டாணிக்குருவிக்கும் பூங்குருவிக்கும் நடுவே
பெட்டிகளை நகர்த்தி
கல்லின் இரண்டு பாதியையும் படுக்க வைக்கிறாள்,
தேய்த்ததையும்.

வெளியே லிண்டன் மரத்தில் ஏதோ ஒன்று கத்துகிறது.
எதுவென்று அவளுக்குத் தெரியும், நிமிர்ந்து பார்க்கவில்லை.
இழுப்பறை பாதிவரை போய் இடிக்கிறது,
மெல்லத் தட்டுகிறாள்.
உள்ளே அது,
கடல்மேல் வந்து,
களைத்து,
விழுமுன் ஒருவேளை
பாடி